வழுக்கினால் மட்டும் போதுமா?

1950களில் இங்கிலாந்தில் அக்ரிலிக் இடுப்புப் பந்து பொருத்திக்கொண்ட ஒருவருக்கு, அசைந்தாலே இடுப்பிலிருந்து கீச்சென்று சத்தம் வரும். பொறுக்க முடியாமல் மனைவி எழுந்து போய்விடுவாராம். அந்தச் சத்தம்தான் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லியை உராய்வைப் பற்றி யோசிக்க வைத்தது.

இயற்கை மூட்டில் குருத்தெலும்பும் மூட்டுத் திரவமும் சேர்ந்து உராய்வை அநேகமாக இல்லாமலே செய்துவிடுகின்றன. நடக்கும்போது உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் விழுந்தும் அப்படித்தான். செயற்கை மூட்டைச் சுற்றியும் திரவம் ஊறும். ஆனால் பாரம் அழுத்தும்போது உலோகப் பந்தும் அது அமரும் பிளாஸ்டிக் கிண்ணமும் ஒன்றையொன்று தொட்டுவிடும். எனவே பொருளே வழுக்க வேண்டும் என்று சார்ன்லி டெஃப்லானில் கிண்ணம் செய்தார். சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். வலி போயிற்று, நடந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்தன. துகள்களைச் சுற்றித் திசு திரண்டு வீங்கியது. தன் தொடையிலேயே டெஃப்லானைச் செலுத்திப் பார்த்து, உடல் அதை ஏற்கவில்லை என்று அறிந்தார். அந்த நேர்மையை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

டெஃப்லான் வழுக்குவதற்கான காரணமே அதன் கேடு. அதன் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாய்ச் சறுக்கி, மெல்லிய ஏடுகளாக எதிர்ப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அது தன்னை இழந்துதான் வழுக்குகிறது.

1962இல் ஒரு விற்பனையாளர் கனமான மூலக்கூறு கொண்ட பாலிஎத்திலீன் துண்டைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு ஒதுக்கினார். அவர் ஊரில் இல்லாதபோது, தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன் அதைத் தேய்மான எந்திரத்தில் ஏற்றி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை. இத்தனைக்கும் டெஃப்லானைவிட அதற்கு உராய்வு அதிகம்!

அதுவும் தேயாமலில்லை. கண்ணுக்குத் தெரியாத அதன் துகள்களை வெள்ளணுக்கள் விழுங்கும். செரிக்க முடியாமல் அவை விடும் வேதிச் சைகைகளால் அருகிலுள்ள எலும்பு கரைந்து மூட்டு ஆட்டம் காணும். 1990களின் இறுதியில், கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன் வந்து இந்தத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தது. உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளோ கோபால்ட், குரோமியத்தை உடலுக்குள் கசியவிட்டன. அவற்றில் ஒரு வகை 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

எலும்பு கரைவது பெரும்பாலும் வலியில்லாமலே நடக்கும். நன்றாக நடப்பவரையும் எக்ஸ்ரேவுக்கு அழைப்பது அதனால்தான்: தேய்ந்த கிண்ணத்துக்குள் பந்து எத்தனை மில்லிமீட்டர் மேலேறியிருக்கிறது என்று படத்தில் தெரிந்துவிடும்.