திறவுகோல் யார் கையில்?

தியாகராய நகரின் உஸ்மான் சாலை, 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முகம்மது உஸ்மானின் பெயரைத் தாங்கியது. இன்று அச்சாலையை நகைக்கடைகளைக் கொண்டே அறிகிறோம். அங்குள்ள நகைச் சீட்டு, சிறுசேமிப்பின் எளிய இலக்கணம் எனலாம். மாதம் ஒரு தொகை, பெரும்பாலும் பதினொரு தவணை. முடிவில் நகை கைக்கு வந்துவிடும்.

இதே முறையில் மாதம் ஐந்நூறோ ஆயிரமோ கிரிப்டோ நாணயத்தில் இடும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. விலை ஏறினும் இறங்கினும் அதே தொகை. கடன் வாங்கி இடுவதில்லை. முற்றும் இழந்தாலும் குடும்பம் தள்ளாடாது. இவ்வொழுங்கு சூதாட்ட மனப்பான்மைக்கு நேர் எதிரானது. ஆயினும் வாங்கிய பொருள் யார் கையில் இருக்கிறது என்பதை அவர்களில் பலர் எண்ணுவதில்லை.

சென்னையிலிருந்து முதலீடு செய்த ஒருவர், 2024 ஜனவரியில் வாசிர்எக்ஸ் தளத்தில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி நாணயங்களை வாங்கினார். அவ்வாண்டு ஜூலை 18இல் அத்தளத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் களவுபோயிற்று. களவுபோனவை வேறு வகை நாணயங்கள். இருந்தும் இவருடைய கணக்கும் முடக்கப்பட்டது. இழப்பைப் பயனர் அனைவரும் பங்கிட வேண்டும் என்றது நிறுவனத் தரப்பு. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அதனை ஏற்கவில்லை. கிரிப்டோ நாணயம் தொட்டறியத்தக்கதன்று, செலாவணியுமன்று; எனினும் அது உடைமையே என்று கூறி, இடைக்காலப் பாதுகாப்பும் வழங்கினார்.

இது 'மால்' ஆகுமா என்னும் வினாவில் நம் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. எகிப்தின் முஃப்தி ஷவ்கி அல்லாம் 2018இல் பிட்காயினைத் தடுத்தார். மலேசியப் பங்கு ஆணையத்தின் ஷரீஅத் குழு 2020இல் நிபந்தனைகளுடன் அனுமதித்தது. ஆனால் வாங்கியதைக் 'கப்ளு' செய்யுமுன், அதாவது கைவசப்படுத்துமுன், விற்கலாகாது என்னும் ஷாஃபிஈ விதி இங்கே வெகுவாகப் பொருந்துகிறது. கிரிப்டோவில் கைவசம் என்பது இரகசியத் திறவுகோல்தான். அது தளத்தாரிடம் இருக்கும்வரை நமக்கிருப்பது அவர்களுடைய கணக்கேட்டின் ஒரு வரியே.

சொந்தப் பணப்பைக்கு மாற்றுவதற்குக் கட்டணமுண்டு. ஆதலால் சிறு முதலீட்டாளர் சில மாதத் தொகையைச் சேர்த்து ஒருமுறை மாற்றுவதே சிக்கனம். ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி 2022 முதல் நடப்பிலுள்ளது. நட்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் வழியில்லை. திறவுகோலை மீட்டுத் தரும் சொற்களைத் தாளில் எழுதிப் பூட்டி வைப்பவர், அத்தாள் இருக்குமிடத்தைத் தம் வஸிய்யத்திலும் குறித்துவிட வேண்டும். அச்சொற்கள் தொலைந்தால், எந்தத் தீர்ப்பாலும் வாரிசுகளுக்கு அப்பணத்தை மீட்டுத் தர இயலாது.