தங்கத் தேரை, பீர், வாழைப்பழம்

காலநிலை மாற்றத்துக்குப் பலியான உயிரினங்கள் என்று யாராவது பட்டியல் போட்டால், அதில் அடிக்கடி வந்து உட்காரும் பெயர் தங்கத் தேரை. மத்திய அமெரிக்காவில், கோஸ்டா ரிக்காவின் மான்டிவெர்டே மலைக்காட்டில், அதிலும் சில சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் வாழ்ந்த உயிரினம். ஆண் தேரை பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். வருஷத்தில் சில நாட்கள் மட்டும் வெளியே வந்து, மர வேர்களுக்கு நடுவே தேங்கும் மழைத்தண்ணீரில் கூட்டமாகக் கூடி முட்டையிடும். 1987இல் 1,500க்கும் மேற்பட்ட தேரைகள் இப்படிக் கூடின. 1988இல் அதே இடத்தில் ஒன்றே ஒன்று. 1989இலும் ஒன்று. அதற்கப்புறம் இல்லவே இல்லை. 2004இல் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

"குளோபல் வார்மிங், வேற என்ன?" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் இந்தக் குட்டித் தேரைக்காக விஞ்ஞானிகள் பத்து வருஷத்துக்கும் மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 'வெப்பம் கூடியது, விலங்கு குறைந்தது' என்ற இரண்டு உண்மைகளுக்கு நடுவே 'அதனால்' என்ற வார்த்தையைப் போட எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல கேஸ் கிடையாது.

மான்டிவெர்டே ஒரு மேகக்காடு. கோடையில் மழை இல்லாவிட்டாலும், மேகம் காட்டுக்குள்ளேயே புகுந்து இலைகளில் தண்ணீராகப் படியும். ஆலன் பவுண்ட்ஸும் அவருடைய குழுவும் 1999இல் 'நேச்சர்' இதழில் ஒரு வாதம் வைத்தார்கள்: கடல் சூடாவதால் மேகம் உருவாகும் உயரம் மேலே போகிறது, பனிமூட்டம் இல்லாத நாட்கள் கூடுகின்றன, காடு காய்கிறது. அவர்கள் ஆய்வு செய்த 30 சதுர கிலோமீட்டரில் இருந்த 50 தவளை, தேரை இனங்களில் 20 காணாமல் போயிருந்தன. கீழ்மலையில் வாழும் பறவைகள் மேலே ஏறி வந்திருந்தன. தவளை, பறவை, மூடுபனி என்று வேறு வேறு இடத்திலிருந்து வரும் டேட்டா ஒரே பக்கம் கை காட்டினால் அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அதே சமயத்தில் இன்னொரு குற்றவாளியும் மாட்டினான். 1998இல் கண்டுபிடிக்கப்பட்ட கைட்ரிட் என்ற பூஞ்சை. தவளை தண்ணீரையும் உப்பையும் தோல் வழியாகத்தான் சமாளிக்கிறது. இந்தப் பூஞ்சை அந்தத் தோலைத்தான் பிடிக்கும். உடம்பில் உப்புச் சமநிலை குலைந்து கடைசியில் இதயம் நின்றுவிடும். 1987 வறட்சியில் தங்கத் தேரையின் முட்டைகள் ஏராளமாகக் காய்ந்துபோனது உண்மை. சரி, முட்டை காய்ந்தால் அடுத்த தலைமுறை குறையும். வளர்ந்த 1,500 தேரைகள் ஒரே வருஷத்தில் எங்கே போயின? எனக்கு இந்தக் கேள்விதான் முழுக் கதையிலும் முக்கியமானதாகப் படுகிறது.

பவுண்ட்ஸ் குழு 2006இல் இரண்டு குற்றவாளிகளையும் ஒன்றாகச் சேர்த்தது. இந்த முறை அட்டெலோபஸ் என்ற தவளைப் பேரினம். சுமார் 110 இனங்களில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டன. அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம், வெப்பம் அதிகமாக இருந்த ஒரு வருஷத்தை ஒட்டித்தான் கடைசியாகக் கண்ணில் பட்டிருக்கின்றன. ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. கைட்ரிடுக்குப் பிடித்தது 17 முதல் 25 டிகிரி. ரொம்பச் சூடு அதற்கு ஆகாது. அப்படியானால் வெப்பம் கூடினால் பூஞ்சை ஏன் பரவணும்? மேகம் கூடுவதால் பகல் கொஞ்சம் குளிர்கிறது, இரவு கொஞ்சம் சூடாகிறது, இரண்டு பக்கமும் பூஞ்சைக்கு வசதியான வெப்பநிலை வருகிறது என்பது அவர்கள் சொன்ன பதில். புத்திசாலித்தனமான பதில்தான். புத்திசாலித்தனம் மட்டும் ஆதாரம் ஆகிவிடாது.

இப்போ பீருக்கு வருவோம். 2008இல் ஜேசன் ரோரும் கூட்டாளிகளும் அதே தவளை டேட்டாவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். வெப்பநிலைக்கும் தவளை அழிவுக்கும் தொடர்பு வந்தது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பகுதியின் பீர் உற்பத்தியையும் வாழைப்பழ உற்பத்தியையும் வைத்துப் பார்த்தால் தொடர்பு இன்னும் பலமாக வந்தது! பீர் குடித்துத் தவளை சாகவில்லை. அந்தச் சில பத்தாண்டுகளில் மேலே ஏறிக்கொண்டிருந்த எந்த இரண்டு கோடுகளை எடுத்தாலும் அவை பொருந்தத்தான் செய்யும். சிக்னல்ஸ் பேப்பர் எழுதியவர்களுக்குத் தெரியும்: இரண்டு ரேம்ப் சிக்னலுக்குக் கோரிலேஷன் போட்டால் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் வரும், இரண்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட இல்லாவிட்டாலும். நீண்டகாலப் போக்கைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் வருஷா வருஷ ஏற்ற இறக்கம் பொருந்துகிறதா என்று பார்க்கணும். ரோரே 2010இல் அதைச் செய்து பார்த்தார். தொடர்பு முழுசாகக் காணாமல் போகவில்லை; எல் நினோவோடும் வெப்பநிலையின் ஏற்ற இறக்கத்தோடும் தவளைச் சரிவுகள் ஒத்துப்போயின. அதாவது 'உலகம் மெதுவாகச் சூடாவது' என்ற கதை இல்லை, 'வானிலை தாறுமாறாக ஆடுவது' என்ற கதை.

இதற்கிடையில் காரன் லிப்ஸ் குழு வரைபடத்தை விரித்தது. கோஸ்டா ரிக்காவிலிருந்து பனாமா பக்கம் ஓர் அலை மாதிரி சரிவு நகர்ந்திருந்தது. வெப்பம் காரணமென்றால் ஊர் ஊராக வரிசையில் ஏன் வரணும்? தொற்று நோய்தான் அப்படி வரும். அலை அடுத்து பனாமாவின் எல் கோப்பேயை எட்டும் என்று எதிர்பார்த்து அங்கே முன்கூட்டியே கணக்கெடுப்பு நடத்திக் காத்திருந்தார்கள். 2004 கடைசியில் பூஞ்சை வந்தது, தவளைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நடந்ததற்குப் பின்னால் கோடு போடுவது ஒன்று, நடப்பதற்கு முன்னால் சொல்வது வேறு. இரண்டுக்கும் ஒரே மார்க் போட முடியாது.

தங்கத் தேரைக்கே திரும்பினால், 2010இல் வந்த ஓர் ஆய்வு மான்டிவெர்டே மரங்களின் தண்டில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்து ஒரு நூற்றாண்டின் ஈரப்பதத்தைக் கண்டுபிடித்தது. 1986-87 எல் நினோ வறட்சி ரொம்பக் கடுமையானது. ஆனால் நூறு வருஷக் கோட்டில், காடு தொடர்ந்து காய்ந்துகொண்டே வந்ததற்கான போக்கு தெரியவில்லை. ஆக, வறட்சி உண்மை, பூஞ்சை பெரிய சந்தேக நபர், மனிதனால் வந்த வெப்பமாதல்தான் இந்தத் தேரையைக் கொன்றது என்பதற்கு ஆதாரம் பலவீனம்.

"பாத்தீங்களா, எல்லாம் பொய்" என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் ஆஸ்திரேலியா போய் வரலாம். 2002 ஜனவரி 12 அன்று நியூ சவுத் வேல்ஸில் வெப்பநிலை 42 டிகிரியைத் தாண்டியது. ஒன்பது கூட்டங்களில் 3,500க்கும் மேற்பட்ட பழந்தின்னி வௌவால்கள் அந்த ஒரே நாளில் செத்து விழுந்தன. இறக்கையால் விசிறிக்கொள்வது, நிழல் தேடுவது, மூச்சிரைப்பது, எச்சிலை உடம்பில் பூசிக்கொள்வது என்று ஒவ்வொரு படியும் கண்ணெதிரே பதிவானது. 2018 நவம்பரில் குயின்ஸ்லாந்தில் மறுபடி 42ஐத் தாண்டியபோது, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும் இன்னொரு வௌவால் இனத்தில் சுமார் 23,000 செத்தன. அந்த நாட்டில் அவற்றின் எண்ணிக்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இங்கே எந்த டிகிரியில் சாவு தொடங்குகிறது என்று தெரியும், எப்படி என்று தெரியும், வேறு இடத்திலும் அதே எல்லையில் திரும்ப நடந்தது. பீரை வைத்து இதை விளக்க முடியாது.

காரணம் எதுவாக இருந்தால் என்ன, செத்தது செத்ததுதானே என்று கேட்கலாம். பனாமாவில் அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. வருவது நோய் அலை என்று தெரிந்ததால்தான், எல் வாயே என்ற ஊரில் 2006இல் தவளைகளைக் காட்டிலிருந்து அவசரமாகப் பிடித்து, இடம் கிடைக்காமல் ஒரு ஹோட்டல் அறைகளில் பெட்டி பெட்டியாக வைத்துக் காப்பாற்றினார்கள். கார்பனைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தால் அந்தத் தவளைகளுக்கு நேரம் இருந்திருக்காது.

நீர்நில வாழ்விகளைப் பற்றிய உலகளாவிய மதிப்பீடு ஒன்று 2023இல் வந்தது. 1980 முதல் 2004 வரை இனங்களின் நிலை மோசமானதில் 91 சதவீதத்துக்கு நோயும் வாழிட இழப்பும் காரணம். 2004க்குப் பிறகோ காலநிலை மாற்றம் 39 சதவீதத்தோடு முதலிடத்துக்கு வந்துவிட்டது. வாழிட இழப்பு 37. ஆனால் அந்த 39க்குள் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் பாதிப்பும் இருக்கிறது, இனி வரும் என்று மாடல்கள் கணிக்கும் பாதிப்பும் இருக்கிறது. செய்தித் தலைப்பில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் வரும்.