டி.வி. தூங்குது... மீட்டர் தூங்கலையே!

நம் இதழில் இடுபொருள் செலவைப் பற்றிப் பேசாத மாதம் கிடையாது. யூரியா மூட்டையை நிறுத்தினோம். மருந்துக்கடைப் பக்கம் போவதை விட்டோம். அமுதக்கரைசலும் பஞ்சகவ்யமும் நம் மாட்டுக்கொட்டகை ஓரத்திலேயே தயாராகுது. வெளியிலிருந்து காட்டுக்கு வருவது என்னென்ன என்று நோட்டுப் போட்டு எழுதுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு வந்துவிட்டது. ஆனால் கம்பி வழியாக வீட்டுக்குள் வருகிற இடுபொருளை எழுதுகிறவர்கள் குறைவு. கரண்டைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டம். வட்டாரக் குழுவில் பேசிக்கொண்டிருந்தபோது, 'அவரவர் வீட்டில் டி.வி., அதைச் சேர்ந்த சாமான்கள் எல்லாம் எவ்வளவு கரண்டு குடிக்குதுன்னு அளந்துட்டு வருவோம்' என்று முடிவு செய்தோம். பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை உடனே கேட்டார்: "ஏனுங்க மாமா, நூறு யூனிட்டு சும்மாதான குடுக்கறாங்க? ஃபேனு, ஃப்ரிட்ஜைப் பாக்காம டி.வி. பொட்டியப் போயி எதுக்குங்க அளக்கறது?"

கேள்வி நியாயமானதுதான். பதிலை மீட்டரிடமே கேட்டோம்.

மீட்டரைப் படிக்கும் வழி

இதற்குத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். வீட்டுச் சுவரில் இருக்கிற மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்பதை மீட்டர் முகப்பிலேயே அச்சடித்திருப்பார்கள். சிலதில் 3200, சிலதில் 1600, வேறு எண்ணும் இருக்கலாம்.

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜையும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். அளக்க வேண்டிய சாமானை மட்டும் ஓடவிட்டு, ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 1125-ஐ அந்த விநாடியால் வகுக்க வேண்டும். வருவதுதான் வாட். 1600 மீட்டர் என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும். வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை முதலில் அந்த எண்ணால் வகுத்து, வந்த விடையை விநாடியால் வகுங்கள். அவ்வளவுதான் கணக்கு.

ரொம்பச் சின்னச் சுமையை மீட்டர் கவனிக்காமலே விட்டுவிடுவது உண்டு. 10 வாட்டுக்குக் கீழே இருக்கும் என்று தோன்றினால், ஒரு பல்பைப் போட்டுத் தனியாக ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். பிறகு பல்பும் சாமானும் சேர்ந்து அளந்து, முன்னதைக் கழித்துவிடலாம்.

எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் 32 அங்குல எல்.இ.டி. டி.வி. அதுவும் செட்டாப் பாக்ஸும் ஓடும்போது 20 விநாடிக்கு ஒரு தடவை மின்னியது. அதாவது 56 வாட். ஒரு பழைய சீலிங் ஃபேனே 75 வாட் எடுக்கும். நாலு மணி நேரம் டி.வி. பார்த்தாலும் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழேதான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ரிமோட்டில் இரண்டையும் அணைத்துவிட்டு மறுபடி அளந்தோம். டி.வி. 1 வாட் அளவுக்கு இறங்கிவிட்டது. செட்டாப் பாக்ஸ் இறங்கவே இல்லை. படம் காட்டும்போதும் 11 வாட், 'அணைத்த' பிறகும் அதே 11 வாட்! இப்படியே வீடு முழுக்க, யாரும் பயன்படுத்தாதபோது ஓடுகிறதை மட்டும் எழுதினோம்:

செட்டாப் பாக்ஸ் – 11 வாட்
டி.வி. – 1 வாட்
பாட்டுக் கேட்கும் பழைய ஆம்ப்ளிஃபயர் – 8 வாட்
வைஃபை பெட்டி – 8 வாட்
பேட்டரி நிரம்பிய பிறகும் இன்வெர்ட்டர் இழுப்பது – 22 வாட்

கூட்டினால் 50 வாட். கேட்க அற்பமாகத்தான் இருக்கு. ஆனால் இது ராப்பகலாக ஓடுகிற கசிவு. ஒரு நாளைக்கு 1.2 யூனிட், பில் வருகிற 60 நாளைக்கு 72 யூனிட். வரப்பில் நண்டு வளை இருந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிய விடியத் தண்ணி பாய்ச்சினாலும் வயல் நிறையாது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். செல்போனை தினமும் முழுக்க சார்ஜ் போட்டாலும் ஒரு வருடத்துக்கு 10 யூனிட்டுக்குள்தான் ஆகும். அந்தச் செட்டாப் பாக்ஸ் ஒன்று மட்டும் இரண்டு மாதத்துக்குள் 15 யூனிட்டைத் தொட்டுவிடும். பேரன் சார்ஜரைப் பிடுங்காமல் போனால் சத்தம் போடுகிறோம். பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெட்டி ஏன் தூங்குவதில்லை?

பழைய டி.வி.க்கள் ரிமோட்டுக்குக் காத்திருக்கும்போதே நிறைய கரண்டை இழுத்துக்கொண்டிருந்தன. இந்த வீண் செலவை 1 வாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-ல் அழைப்பு விடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-லிருந்து அதைச் சட்டமாகவே அமல்படுத்தி, 2013-ல் அரை வாட்டாக இறக்கியது. அந்தக் கெடுபிடியின் பலன்தான் நம் ஊருக்கு வருகிற புது டி.வி.க்கள் தூங்கும்போது அடக்கமாக இருப்பது.

செட்டாப் பாக்ஸ் வேறு ரகம். ரிமோட்டில் அணைத்தால் நிறைய பெட்டிகளில் படம் மட்டும்தான் நிற்கும். உள்ளே சிக்னலைப் பிடிக்கிற வேலை நிற்காது. டிஷ் வைத்த வீடுகளில் மொட்டைமாடிக் குடையில் இருக்கிற கருவிக்கும் அந்தப் பெட்டிதான் கரண்டு அனுப்புகிறது. கையை வைத்துப் பாருங்கள், ராத்திரி ரெண்டு மணிக்கும் சூடாக இருக்கும்.

இவை நம் வீட்டுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 2006-லிருந்து இலவசக் கலர் டி.வி. வந்தது. 2008-க்குப் பிறகு மின்வெட்டு நாள்கணக்கில் நம்மை வாட்டியபோது, கடனை வாங்கியாவது இன்வெர்ட்டர் மாட்டினோம். கேபிள் டிஜிட்டல் ஆனபோது, 2017 வாக்கில் செட்டாப் பாக்ஸ் வந்தது. பெட்டியை இலவசமாகக் கொடுத்தவர்களும் சரி, விற்றவர்களும் சரி, அது ராத்திரி எவ்வளவு குடிக்கும் என்று சொல்லவில்லை.

ஒரு யூனிட்டில் ஏறுகிற படி

மாப்பிள்ளை கேட்ட நூறு யூனிட்டுக்கு வருகிறேன். அவர் வீட்டில் கோடைக்கால பில் 512 யூனிட். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டோம். 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.50, பிறகு 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய் சலுகை போய், 101-லிருந்தே 4.50 ஆகிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்.

சரியாக 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! மாப்பிள்ளையின் 512 யூனிட்டுக்கு 2,046 ரூபாய். அதில் 28 யூனிட் குறைந்து 484 ஆகியிருந்தால் 1,629 ரூபாய்தான். 28 யூனிட்டில் 417 ரூபாய். 2024-ல் கட்டணம் மறுபடியும் ஏறியதால் இந்த எண்கள் பழையவை. படிக்கட்டு ஏறும் விதத்தைக் காட்டத்தான் சொல்கிறேன். படியின் விளிம்பில் நிற்கிற வீட்டுக்குச் சின்னக் கசிவும் பெரிய காசு.

"அப்ப அந்த 28 யூனிட்ட எங்கீங்க புடிக்கறது?" என்றார் மாப்பிள்ளை. அதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் காசைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கு.

யார் காட்டு வழியாக வருகிறது?

ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். எங்கள் வீட்டின் 72 யூனிட் கசிவு முழுக்க அனல் மின்சாரம் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ ஆகுது. ரசாயன உர மூட்டை வேண்டாம் என்று காட்டை விட்டு விரட்டிய நாம், இரண்டு மாதத்துக்கு ஒரு மூட்டை நிலக்கரியை யாருமே பார்க்காத டி.வி.க்கும் யாருமே கேட்காத ஆம்ப்ளிஃபயருக்கும் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கரி சும்மா வருவதில்லை. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், நெய்வேலி சுரங்க விரிவாக்கத்தை ஒட்டி வாய்க்கால் வெட்டுவதற்காகப் பச்சைப் பயிருக்குள் மண்வாரி இயந்திரங்களை இறக்கினார்கள். அந்த நெற்பயிர் நசுங்கியதை எல்லோரும் பார்த்தோம். நம் மேற்கு மாவட்டங்களில் நடந்தது இன்னும் பக்கத்து அனுபவம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை இழுத்த 800 கிலோவோல்ட் பாதைக்கும் மற்றப் பாதைகளுக்கும் தோட்டங்களுக்குள்ளேயே கோபுரம் நட்டார்கள். 2018 டிசம்பரில் அதை எதிர்த்து உழவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கோபுரம் நின்ற இடத்தில் தென்னை வைக்க முடியாது, கிணறு வெட்ட முடியாது.

நம் வீட்டுப் பெட்டியை அணைத்தால் கோபுரம் நின்றுவிடுமா என்று கேட்பீர்கள். நிற்காது. ஆலைகளும் நகரத்து வணிக வளாகங்களும் குடிக்கிற கரண்டு வேறு அளவு. ஆனால், 'விளைநிலத்தைத் தோண்டுவதற்கு முன்னால் வீணாகிறதை நிறுத்துங்கள்' என்று நாம் அரசிடம் கேட்கிறோம். அப்படிக் கேட்கும்போது நம் வீட்டுக் கணக்கு கையில் இருந்தால் பேச்சுக்குப் பலம் வரும். 1970-ல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்து உயிரையே கொடுத்தவர்கள் நம் உழவர்கள். கரண்டைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உள்ளவர் யார்? விவசாயி மோட்டாரை ஓட்டி வீணாக்குகிறான் என்று சொல்கிறவர்களுக்கும் எண்ணை வைத்தே பதில் சொல்லலாம்.

என்ன செய்யலாம்?

டி.வி., செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஸ்விட்ச் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். பார்த்து முடித்ததும் அந்த ஒரு ஸ்விட்சை அணைத்தால் போதும். எங்கள் வீட்டில் இது 20 வாட்டை, நாளுக்கு 20 மணி நேரம் மிச்சம் பிடிக்குது. 60 நாளைக்கு 24 யூனிட். ஸ்விட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். டி.வி.க்குப் பின்னால் இருந்தால் இரண்டு நாளில் மறந்துவிடுவோம்.

பெட்டி மறுபடி எழுந்திருக்க ஓரிரு நிமிடம் ஆகும். "சீரியல்ல பாதி போயிருது கண்ணு" என்று என் அம்மா முதல் வாரம் முழுக்கத் திட்டினார். இப்போது சீரியலுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடியே அவரே ஸ்விட்சைப் போட்டுவிடுகிறார்.

வைஃபை பெட்டியை ராத்திரி படுக்கும்போது அணைத்தால் இன்னொரு 4 யூனிட். மாப்பிள்ளை கேட்ட 28 இங்கேயே வந்துவிட்டது.

இன்வெர்ட்டரில் அவசரப்பட வேண்டாம். சார்ஜ் இல்லாமல் போட்டுவைத்தால் பேட்டரி கெட்டுவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரை அளவு பார்த்து ஊற்றுங்கள். பேட்டரி வயதாக ஆக, நிரம்பிய பிறகும் இழுப்பது கூடும். வருடம் ஒரு தடவை அதைத் தனியாக அளந்து எழுதிவையுங்கள்.

புது டி.வி. வாங்குகிறவர்கள் அளவைப் பாருங்கள். 55 அங்குலத் திரையின் பரப்பு 32 அங்குலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கரண்டும் அதோடு ஏறும். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த வெளிச்சத்தை வீட்டில் குறைத்துவிடுங்கள். கண்ணுக்கும் நல்லது, மீட்டருக்கும் நல்லது.

இடி மழை வரும்போது ஸ்விட்சோடு நிற்காமல் பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள். தோட்டத்து வீடுகளில் போர்டு எரிந்து போவது நிறைய அப்போதுதான்.

சோலார் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். நம் வெயிலுக்கு 1 கிலோவாட் தகடு நாளுக்கு 4 யூனிட் அளவுக்குக் கொடுக்கும். வீட்டுக் கசிவே 1.2 யூனிட் என்றால், தகட்டில் கால் பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். முதலில் வளையை அடைத்துவிட்டு, பிறகு எத்தனை தகடு என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்த வட்டாரக் கூட்டத்துக்கு வரும்போது விதைகளோடு ஒரு துண்டுச் சீட்டும் கொண்டுவாருங்கள். மீட்டர் முகப்பில் இருக்கிற எண், எல்லாம் அணைத்த பிறகு எத்தனை விநாடிக்கு ஒரு மின்னல், எந்தச் சாமான் எத்தனை வாட். இந்த மூன்றும் போதும். நம் வட்டாரத்துக் கணக்கை ஒன்றாகக் கூட்டிப் பார்த்துவிடலாம்.