கம்பி வராத கடற்கரை

ஸ்பெயினின் தென்கிழக்கு ஓரத்தில் அல்மேரியா என்றொரு மாகாணம். அங்கே காபோ தே காட்டா என்னும் கடலோர மலைப்பகுதியில், லாஸ் நெக்ராஸ் என்ற சிறிய மீனவ ஊரோடு தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கடலை வலப்பக்கம் விட்டு மலைச்சரிவில் ஒரு மணி நேரம் நடந்தால், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு சின்ன விரிகுடா வரும். பெயர் சான் பெத்ரோ. கார் போகாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் படகு பிடிக்க வேண்டும். மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாக்கடை மூன்றும் கிடையாது. ஆனாலும் பல பத்தாண்டுகளாக அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள். பல நாடுகளிலிருந்து ஊர்சுற்ற வந்தவர்கள். நாலு நாள் இருக்கலாம் என்று வந்து, வருஷக்கணக்கில் தங்கிவிட்டவர்களும் உண்டு.

இப்படி ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னதும் யாரும் கேட்கும் முதல் கேள்வி, “கரண்ட் இல்லாமல் எப்படி இருக்கிறார்கள்?” என்பதுதான். ‘ஆஃப் கிரிட்’ வாழ்க்கை என்று கேட்டாலே நம் மனதில் முதலில் அணைவது விளக்கு. உண்மையில் அங்கே விளக்கு எரிகிறது, செல்போனுக்குச் சார்ஜ் ஏறுகிறது. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று பார்க்க, ஒரு வீட்டுக்குள் வருபவற்றையும் வீட்டைவிட்டுப் போகிறவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவோம். டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

முதலில் தண்ணீர். சான் பெத்ரோவில் ஆள் இருப்பதற்கே அதுதான் காரணம். ஐரோப்பாவிலேயே மிக வறண்ட பகுதிகளில் ஒன்று காபோ தே காட்டா. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், இங்கே 200 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிய விஷயம். அப்படிப்பட்ட மண்ணில், கடலுக்குப் பக்கத்திலேயே ஒரு நன்னீர் ஊற்று. 16-ஆம் நூற்றாண்டில் இந்த விரிகுடாவில் ஒரு கோட்டை கட்டினார்கள். வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வரும் கடற்கொள்ளையர்கள் இங்கே இறங்கி, இந்த ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவதைத் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. இடிந்த கோட்டை இன்றும் நிற்கிறது. ஊற்றும் ஓடுகிறது.

உப்புக்கடலுக்கு அருகில் நல்ல தண்ணீர் எப்படி வரும்? மலைமேல் விழும் மழை, பாறை வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கும். வெடிப்பில்லாத கெட்டியான அடுக்கு ஒன்று எதிர்ப்பட்டதும் அதற்குமேல் இறங்க வழியின்றி, பக்கவாட்டில் நகரும். மலைச்சரிவு அந்த அடுக்கை எங்கே வெட்டுகிறதோ அங்கே கசிந்து வெளியே வரும். கடல்மட்டத்துக்கு மேலேயே வெளிவந்துவிடுவதால் உப்பு அதை எட்டுவதில்லை. உள்ளே தண்ணீர் மெதுவாக நகர்வதால், மழை ஓய்ந்து பல மாதம் ஆனபிறகும் ஊற்று நிற்பதில்லை. ஆனால் மோட்டார் போட்டதுபோல அதை அவசரப்படுத்தவும் முடியாது. ஒரு நாளில் வருவது எவ்வளவோ, அதைத்தான் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்களில், பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். அதில் ஒரு கணிசமான பங்கு கழிப்பறையில் ஊற்றிவிடுவது. தண்ணீரைக் கேனில் பிடித்துத் தூக்கி வரும் இடத்தில் இந்தக் கணக்கு நடக்காது. 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ. நாலு முறை ஏறி இறங்கினால், எதற்கு எவ்வளவு செலவாகிறது என்பது முழங்காலுக்குத் தெரிந்துவிடும். எனவே கடலோரத்தில் இப்படி வாழ்பவர்கள் பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுப்பார்கள். சாதாரண சோப்பு கடல்நீரில் நுரைக்காது. தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு ஓரளவு நுரைக்கும். மாலுமிகளுக்கு இது பழைய சங்கதி.

அடுத்து கரண்ட். இங்கேதான் நாம் எல்லோரும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறோம். சோலார் பேனல்தான் எல்லாம், அதைப் பெரிதாக வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பேனல் என்பது வயல். விளைச்சல் பகலில் மட்டும்தான். நாம் சாப்பிடுவதோ இரவில். ஆகவே குதிர் வேண்டும், அதுதான் பேட்டரி. குதிரில் உள்ளது அத்தனையும் சாப்பாட்டுக்கு அல்ல என்பது விவசாயிக்குத் தெரியும், விதைநெல்லில் கைவைக்கக் கூடாது. நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியிலும் அப்படித்தான். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் சுருங்கிவிடும். மிச்சப் பாதி விதைநெல். லித்தியம் பேட்டரியில் இன்னும் ஆழமாக அள்ளலாம், விலைதான் கூடுதல்.

எண்ணாகப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் இரண்டையும் பெருக்க வேண்டும், 1200 வாட்-மணி. பாதியைத்தான் தொடலாம், ஆக 600. 5 வாட் எல்.இ.டி. விளக்கு நாலு, மாலையிலிருந்து ஐந்து மணி நேரம் எரிந்தால் 100. இரண்டு செல்போன் சார்ஜ் ஏற 30. மடிக்கணினி மூன்று மணி நேரம் ஓட 120. மொத்தம் 250. அல்மேரியாவில் ஆண்டுக்குச் சுமார் 3000 மணி நேரம் வெயில் அடிக்கிறது. 100 வாட் பேனல் ஒன்று, நல்ல நாளில் 400 வாட்-மணிபோலக் கொடுத்துவிடும். மேகம் மூடிய ஒரு நாளையும் குதிரில் உள்ளதை வைத்து ஓட்டிவிடலாம். வெளிச்சமும் சார்ஜும் இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுகின்றன.

அப்படியானால் அயர்ன் பாக்ஸ்? 1000 வாட். அரை மணி நேரம் சட்டை தேய்த்தால் 500 போய்விட்டது. சரி, நாம் குடித்துக்கொண்டிருக்கும் டீயையே எடுத்துக்கொள்வோம். நாலு பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 90 வாட்-மணி தேவை. அதே சக்தியில் 5 வாட் விளக்கு 18 மணி நேரம் எரியும்! இதில் யாருடைய திறமைக் குறைவும் இல்லை, தண்ணீரின் குணம் அது. சூடேற்ற நிறைய கேட்கும். சோலாரை நம்பி வாழும் வீட்டில் முதலில் புரியும் பாடம், வெளிச்சம் மலிவு, சூடு விலை அதிகம் என்பதுதான். ஆகவே சமையல், கரண்ட் கணக்கிலேயே வருவதில்லை. அது கேஸ் கணக்கு.

ஸ்பெயினில் வீட்டு கேஸ் சிலிண்டர் ஆரஞ்சு நிறம். உள்ளே 12.5 கிலோ பியூட்டேன். இரும்பு உருளையோடு சேர்த்தால் 25 கிலோவைத் தாண்டும். இதை லாஸ் நெக்ராஸிலிருந்து சான் பெத்ரோவுக்குக் கொண்டுவர வேண்டும். பாதை ஏறி இறங்கும், சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம், நிழல் கிடையாது. தோளை மாற்றி மாற்றித் தூக்கி வர வேண்டும், இல்லை படகுக்காரரிடம் பேசி ஏற்ற வேண்டும். லெவாந்தே என்னும் கிழக்குக் காற்று பலமாக வீசினால் படகும் இல்லை. நம் வீட்டில் சிலிண்டர் தீர்ந்தால் புக் பண்ணுகிறோம். அங்கே சிலிண்டர் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே கடலைப் பார்க்கிறார்கள். அரிசி, மாவு, எண்ணெய், பேட்டரி எல்லாமே இதே பாதையில்தான் வர வேண்டும். சிறு தோட்டங்கள் போட்டிருக்கிறார்கள், கீரையும் தக்காளியும் வரும். முழு வயிற்றுக்கும் அது காணாது. வாங்கப் பணம் வேண்டும் அல்லவா? கோடையில் வரும் பயணிகளுக்குச் சாப்பாடும் கைவினைப் பொருளும் விற்று ஈட்டுகிறார்கள், வெளியே வேலைக்குப் போய் வருபவர்களும் உண்டு.

உள்ளே வருவதைப் பார்த்தாயிற்று. இனி வெளியே போவது. பயணக் கதைகளில் யாரும் பேசாத விஷயம் இது, ஆனால் ஒரு குடியிருப்பு நிலைக்குமா, நோயில் விழுமா என்பதை முடிவு செய்வது இதுதான். சாக்கடை இல்லாத இடத்துக்கு உகந்தது உலர் கழிப்பறை. தண்ணீர் ஊற்றுவதில்லை. சிறுநீரைத் தனியே பிரித்துவிட்டு, மலத்தின்மேல் ஒவ்வொரு முறையும் மரத்தூளோ சாம்பலோ ஒரு கை அள்ளிப் போடுவார்கள். நாற்றத்துக்குப் பெரும் காரணம் இரண்டும் கலப்பதுதான். பிரித்து, உலர வைத்து, காற்றுப் படவிட்டால் நாற்றம் பெரிதும் அடங்கும். காலப்போக்கில் மண்போல ஆகிவிடும். நம் திருச்சி மாவட்டத்து முசிறியில் இந்த முறைக் கழிப்பறைகள் பல கட்டப்பட்டிருக்கின்றன, ஆகவே இது நமக்கு முழுக்க அந்நியமான ஏற்பாடும் அல்ல.

ஆனால் மண்போல ஆனது எல்லாம் மண்ணாகிவிடாது. நாக்குப்பூச்சி முட்டைகள் லேசில் சாவதில்லை. பெரிய குவியலாக மக்க வைத்தால் உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டி அவற்றைக் கொல்லும். ஒரு குடும்பத்தின் வாளி அளவுக்கு அந்தச் சூடு பிடிக்காது. அங்கே காலம்தான் மருந்து: மூடி வைத்து, ஓராண்டுக்குக் குறையாமல் தொடாமல் விட வேண்டும். இடமும் முக்கியம். பேரிடர் முகாம்களுக்கான சர்வதேச நெறிமுறை, குழிக் கழிப்பறை நிலத்தடி நீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. ஊற்றுக்கு மேல்பக்கம் இருக்கவே கூடாது. இத்தனையையும் ஒரு வீடு மட்டும் ஒழுங்காகச் செய்து பயனில்லை. கோடையில் கூடாரத்தோடு வரும் ஒரே ஒருவர், மேட்டுப் புதருக்குள் ஒதுங்கினால் போதும்.

இப்போது ஒரு நாளைச் சேர்த்துப் பார்க்கலாம். காலையில் எழுந்ததும் பேட்டரியோடு இருக்கும் சின்ன வோல்ட் மீட்டரைப் பார்ப்பார்கள். எதுவும் ஓடாத நேரத்தில் 12.7 காட்டினால் நிறைவு. 12.2-க்கு வந்துவிட்டால் பாதி, இன்று மடிக்கணினியை மூடி வை என்று பொருள். பேனல் வேலை அவ்வளவுதான்: ஒரு பார்வை, தூசி படிந்திருந்தால் ஒரு துடைப்பு. பிறகு தண்ணீர் கேன். அப்புறம், ஊற்றிலிருந்து தாங்களே போட்டுக்கொண்ட குழாயில் எங்கே அடைப்பு என்று பார்ப்பது, மரத்தூளுக்கு ஆள் சொல்வது, யாரோ விட்டுப்போன பாட்டில்களைச் சேர்த்து லாஸ் நெக்ராஸ் போகும் படகில் ஏற்றுவது. நாளின் பெரும்பகுதி தூக்குவதிலும் பேசுவதிலும் போகும். தூக்குவதைவிடப் பேசுவது கடினம். “போன தடவையும் நான்தானே அடைப்பு எடுத்தேன்” என்ற வாக்கியம் உலகின் எந்தக் குடியிருப்புக்கும் பொது.

இதிலிருந்து, நாம் கேட்ட முதல் கேள்வி ஏன் தப்பு என்று புரிகிறது. மின்சாரம் தனி ஆளின் சங்கதியாகிவிட்டது. கடையில் பேனல் வாங்கலாம், கூரையில் மாட்டலாம், பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. ஊற்றும் கழிவும் அப்படி இல்லை. ஒரே மண்ணில் எல்லோருடையதும் கலக்கிறது. அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு முறை வேண்டும், அந்த முறையை அடுத்த மாதம் வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். வருகிறவரும் போகிறவருமாக இருக்கும் ஊரில் மிகக் கஷ்டமான வேலை இதுதான். அலுவலகம் எதுவும் வேண்டாம் என்று வந்தவர்களில் சிலர், விரும்பியோ விரும்பாமலோ குடிநீர் வாரியமும் நகராட்சியுமாக ஆகிவிடுகிறார்கள்.

இந்தப் பொது வேலை கஷ்டமாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. காபோ தே காட்டா 1987 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா, அங்கே கூடாரம் அடிக்கத் தடை. 1988-இல் வந்த ஸ்பெயினின் கடற்கரைச் சட்டப்படி கரையோரம் பொதுச்சொத்து. மேலே உள்ள நிலத்துக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் கையில் பட்டாவோ பத்திரமோ இல்லை. நாளைக்கு எழுந்து போகச் சொன்னால் போக வேண்டியதுதான். இந்த நிலையில் யார் எதைக் கட்டுவார்கள்? பேனலைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போகலாம். ஊருக்கே பொதுவான கழிவுக் குழியையும் தண்ணீர்த் தொட்டியையும் கொண்டுபோக முடியாது. எனவே கழற்றி எடுத்துப் போகக்கூடியதெல்லாம் அங்கே தேறிவிட்டது. மண்ணோடு கிடக்க வேண்டியது மட்டும் ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகப் பேசித் தீர்க்கப்படுகிறது.

ஆகவே அடுத்த முறை யாராவது கம்பியும் குழாயும் இல்லாத கடற்கரைக் குடியிருப்பு ஒன்றின் படத்தைக் காட்டினால், கூரையில் பேனல் இருக்கிறதா என்று தேட வேண்டாம், நிச்சயம் இருக்கும். ஊற்று எந்தப் பக்கம், கழிப்பறை எந்தப் பக்கம், ஊற்றுக் குழாய் அடைத்தால் இந்த வாரம் யார் முறை என்று கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால், அந்த இடம் தாக்குப்பிடிக்கும் என்று தாராளமாக நம்பலாம்.