சப்புக்கொட்டிய எலி

ஒன்றைத் தேடி ஓடுகிறோம் என்றால் அது இன்பம் தருவதால்தானே? மூளை ஆராய்ச்சியாளர்களும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது ஒரு தவறு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் செருகிய மின்கம்பி, குறி தப்பி வேறிடத்தில் போய் நின்றது. பெட்டியின் எந்த மூலையில் இருந்தபோது மின்சாரம் பாய்ந்ததோ அந்த மூலைக்கே எலி திரும்பத் திரும்ப வந்தது. நெம்புகோலை அழுத்தித் தானே மின்சாரம் பாய்ச்சிக்கொள்ள வழி செய்து கொடுத்தார்கள்; பிந்தைய சோதனைகளில் சில எலிகள் மணிக்கு 2,000 தடவைக்கு மேல் அழுத்தின. முதல் ஆய்வு 1954இல் வெளியானது. ‘இன்ப மையம்’ என்ற பேச்சு அப்போது கிளம்பியதுதான். பிற்பாடு அந்தப் பெயர் டோபமின் என்ற வேதிப்பொருளின் தலையில் விழுந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலியின் முகத்தைக் கவனிப்பவர். தித்திப்பை நாவில் வைத்தால் கைக்குழந்தை சப்புக்கொட்டும், கசந்தால் வாயைக் கோணும். எலியும் ஏறக்குறைய அதையேதான் செய்கிறது. 1989இல் அவரும் சகாக்களும் சில எலிகளின் மூளையில் டோபமினை அநேகமாக முழுவதும் இல்லாமல் செய்துவிட்டுப் பார்த்தார்கள். அந்த எலிகள் முன்னால் இருந்த தீனியைத் தொடவே இல்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால் பட்டினிதான். ஆனால் சர்க்கரைத் தண்ணீரை நேரே வாயில் விட்டபோது வழக்கம்போலவே சப்புக்கொட்டின!

இனிப்பு பிடித்துத்தான் இருக்கிறது. எழுந்து போய் எடுக்க மட்டும் மனமில்லை.

இதைத் திருப்பிப் போட்டும் சோதித்தார்கள். மூளையின் ஓர் இடத்தில் மின்சாரம் பாய்ச்சினால் வயிறு நிறைந்த எலியும் விழுந்தடித்துத் தின்னும். தின்னும்போது முகத்தைப் பார்த்தால் ருசி கூடியதற்கான அடையாளமே இல்லை. ஆக, நாடுவதற்கு ஒரு பாதை, ரசிப்பதற்கு இன்னொன்று. ரசிப்புக்கான பகுதிகள் மிகச் சிறியவை. எலி மூளையில் அப்படி ஒன்று சுமார் ஒரு கன மில்லிமீட்டர்தான். அங்கே வேலை செய்பவை மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள். நாட்டத்தின் வலையோ பெரியது, சுலபத்தில் முடுக்கிவிடக் கூடியது. இன்பம் தருபவற்றைச் சிலகாலம் ஒதுக்கிவைத்து ‘டோபமின் விரதம்’ இருந்தால் இன்பம் திரும்பும் என்று போதிக்கும் யூடியூப் காணொளிகள் இன்னும் பழைய பாடத்தையே படித்துக்கொண்டிருக்கின்றன.

நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இன்னொரு துப்பு. பழரசம் எதிர்பாராமல் கிடைத்தால் டோபமின் நரம்பணுக்கள் துடிக்கும். ரசத்துக்கு முன் விளக்கு எரியும் என்று குரங்கு பழகிவிட்டால் துடிப்பு விளக்குக்கு மாறிவிடும். ரசம் வரும்போது சலனமே இராது. ரசம் வராமல் போனால், வரவேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு தாழும். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அணுக்கள் கணக்குப் பார்க்கின்றன. என்ன வரும் என்று தெரியாத அறிவிப்பு மணிக்கு ஏன் கை தானாகப் போனை எடுக்கிறது என்பதற்கும் இதில் ஓரளவு விளக்கம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

டோபமின் தூண்டுவது நாட்டத்தையே என்பதன் தடயம் மனிதரிடம் பார்க்கின்சன் சிகிச்சையில் தெரிகிறது. அந்நோயில் டோபமின் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. டோபமினைப் போலவே வேலை செய்யும் மாத்திரைகள் கொடுக்கிறார்கள். நடுக்கமும் விறைப்பும் குறைகின்றன. ஆனால் சிலருக்கு, முன்பு சீட்டையே தொடாதவருக்குக்கூட, சூதாட்ட வெறியோ கண்டதையெல்லாம் வாங்கும் வெறியோ பிடித்துக்கொள்கிறது. மாத்திரையைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் அது தணிந்துவிடுகிறது. நோயாளி இதைத் தானாகச் சொல்வது அபூர்வம். அதனால்தான் நரம்பியல் மருத்துவர்கள் வீட்டாரிடம் செலவுக் கணக்கையும் விசாரிக்கிறார்கள்.