வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குள் ஓடும் சிவப்பு எண்ணெய்க்கு வேலை அதிகம். எஞ்சினின் சுழற்சியை டார்க் கன்வர்ட்டரில் வாங்கிச் சக்கரங்களின் பக்கம் தள்ளிவிடுவது அதுதான். வால்வுகளின் குறுகிய வழிகளில் அழுத்தத்தோடு பாய்ந்து கியரை மாற்றுவதும் அதுவே. உள்ளே கிளம்பும் சூட்டை வாரிக்கொண்டு போய் ரேடியேட்டரில் கொட்டுவதும் அதன் பொறுப்பு. இவை எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை ஒன்று உண்டு. பல்சக்கரங்களுக்கு நடுவே நன்றாக வழுக்க வேண்டிய அதே எண்ணெய், கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே பிடிமானத்தையும் தர வேண்டும்.

அந்தத் தட்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்று வெறும் எஃகு. மற்றதன் மேல் காகித நார் கலந்த பூச்சு. கியர் விழும்போது இவை எண்ணெயில் நனைந்தபடியே நெருங்கி, உரசி, கடைசியில் ஒன்றாகச் சுழல வேண்டும். சாதாரண எண்ணெயில் இந்தக் கடைசிக் கணத்தில்தான் தகராறு. வேகம் குறையக் குறைய உராய்வு ஏறி, தட்டுகள் வெடுக்கென்று கவ்விக்கொள்ளும்; வண்டி குலுங்கும். உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாக நிற்கும் ஒரு சேர்மானம் இருந்தால், பிடி மெதுவாக இறுகும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ராமேட்டிக் கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. பெரிய அளவில் உற்பத்தியான முதல் முழு ஆட்டோமேட்டிக் பெட்டி அது. அதற்கான எண்ணெய்க்கு 1949-இல் 'டைப் ஏ' என்ற தரத்தையும், 1967-இல் 'டெக்ஸ்ரான்' என்ற தரத்தையும் அந்த நிறுவனம் வகுத்தது. உராய்வை ஒழுங்குபடுத்தும் அந்தச் சேர்மானத்துக்கு அப்போது அவர்கள் நம்பியிருந்தது எண்ணெய்த் திமிங்கிலத்தை. அதன் தலையில் ஊறும் திரவ மெழுகு, சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும். உலோகத்தில் நன்றாக ஒட்டும். டெட்ராயிட்டில் ஒரு கார் குலுங்காமல் கியர் மாறுவதற்காகக் கடலில் திமிங்கிலங்கள் செத்துக்கொண்டிருந்தன.

1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. திமிங்கில எண்ணெய் இறக்குமதி நின்றது. எண்ணெய் நிறுவனங்கள் செயற்கைச் சேர்மானங்களைத் தேடி ஓடின. புதிதாக வந்த எண்ணெய்களுள் ஒன்று, ரேடியேட்டருக்குள் இருந்த குளிர்விப்பானின் ஈயப் பற்றை அரித்தது. அரிப்பைத் தடுக்கும் பொருளைக் கலந்து மறுபடி திருத்த வேண்டியதாயிற்று. அதே காலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் 'டைப் எஃப்' எண்ணெயில் அந்தச் சேர்மானமே கிடையாது. கியர் 'டக்'கென்று உறுதியாக விழ வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கால ஃபோர்டு பெட்டியில் டெக்ஸ்ரானை ஊற்றினால் தட்டுகள் நழுவும். டெக்ஸ்ரான் பெட்டியில் டைப் எஃப் ஊற்றினால் உதறும். இரண்டுமே சிவப்புதான். ஒழுகினால் எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்தறிவதற்காகப் போட்ட சாயம் அது. நிறத்தைப் பார்த்து ரகத்தை முடிவுசெய்ய முடியாது.

மாற்றும் வேலைக்கு வருவோம். 1990-களின் செவ்ரொலே பிக்கப்களிலும் வேன்களிலும் இருந்த 4எல்60-ஈ என்ற பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதில் மொத்தம் பத்தரை லிட்டருக்கு மேல் எண்ணெய் உண்டு. அடித்தட்டைக் கழற்றி வடித்தால் வருவது ஏறத்தாழ 4.7 லிட்டர். மிச்சம் டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். எனவே ஒருமுறை மாற்றினால் உள்ளே பாதிக்கு மேல் பழசுதான். சில நாள் ஓட்டிக் கலக்கவிட்டு இரண்டாம் முறை வடித்தால் பழசு முப்பது சதவீதம் அளவுக்கு இறங்கும். மூன்றாம் முறைக்குப் பின் பதினேழு சதவீதம் போலத் தங்கும். அதற்கு மேல் போவது காசுக்குக் கேடு.

சற்றுச் சூடான வண்டியில்தான் எண்ணெய் நன்றாக வடியும். கை வெந்துபோகும் சூடு வேண்டாம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். வடிகால் போல்ட் இல்லாத தட்டு என்றால், ஒரு பக்கம் போல்ட்டுகளைக் கழற்றிச் சரித்து ஊற்ற வேண்டும். முழங்கை வரை சிவப்பாகாமல் இதைச் செய்தவர் அபூர்வம். தட்டின் உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். நகம்போல உலோகச் சில்லுகள் இருந்தால் பெட்டியின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. தீய்ந்த நாற்றம், கிளட்ச் தட்டுகள் எரிந்ததைச் சொல்லும். பால் கலந்த ரோஜா நிறம் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. எண்ணெயை விட்டுவிட்டு முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றுவது நல்லது. ஃபில்டரும் பேக்கிங்கும் புதிதாகப் போட வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலைக்கும் கொண்டுபோய், பெட்டி சூடானதும் எண்ணெய் அளவுக் குச்சியை உருவி மட்டம் பார்ப்பது பெரும்பாலான பழைய கார்களின் முறை. ஹோண்டாவில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. மட்டம் ஏறினால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, கியர் நழுவும்.

'பழைய பெட்டியில் எண்ணெயை மாற்றினால் செத்துவிடும், தொடாதே' என்ற பேச்சைப் பட்டறைகளில் கேட்கலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. பலரும் கியர் நழுவ ஆரம்பித்த பிறகுதான் எண்ணெயைப் பற்றி யோசிக்கிறார்கள். தேய்ந்த தட்டுக்குப் புது எண்ணெய் உயிர் கொடுக்காது; பிறகு பழி எண்ணெய் மேல் விழும். ஆண்டுக்கணக்கில் படிந்த கசடைப் புது எண்ணெய் கரைத்து வால்வுகளில் சிக்கவைப்பதும் நடக்கக்கூடியதே. ஆகவே கியர் ஒழுங்காக விழுகிற பழைய காரில், இயந்திரம் வைத்து அழுத்தி அலசுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து ஊற்றுவதே என் கட்சி. 'வாழ்நாள் முழுவதற்கும் ஒரே எண்ணெய்' என்று சில கார் நிறுவனங்கள் சொல்கின்றன; யாருடைய வாழ்நாள் என்பதைச் சொல்வதில்லை. கியர் பெட்டிகளைத் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டில், மாற்றச் சொல்கிறது. சூடு பத்து டிகிரி ஏறினால் எண்ணெய் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தால், நெரிசலில் ஊர்ந்தே பழகிய வண்டிக்கு இன்னும் முன்னதாகவே மாற்றலாம்.

கடையில் டப்பாவைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெக்ஸ்ரான் 3 தரத்துக்கு உரிமம் வழங்குவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஓடு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரைப் போட்டு வரும் எண்ணெயை அவர்கள் சோதித்துச் சான்றளிப்பதில்லை; 4எல்60-ஈ போன்ற தங்கள் பழைய பெட்டிகளுக்கு டெக்ஸ்ரான் 6-ஐயே ஊற்றச் சொல்கிறார்கள்.

நம் ஊரில் 'ஆட்டோமேட்டிக்' என்று விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் இந்த எண்ணெய் ஓடுவதில்லை. ஏ.எம்.டி வகைப் பெட்டி, கிளட்சையும் கியரையும் மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ இயக்கும் சாதாரண கியர் பெட்டிதான். அதற்குக் கியர் ஆயில். சி.வி.டி பெட்டியின் எஃகு பெல்ட்டுக்குத் தனி எண்ணெய் உண்டு. அதில் ஏ.டி.எஃப் என்கிற இந்தச் சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கப்பியைக் கீறிவிடும். டப்பாவைத் திறக்கும் முன் காரோடு வந்த கையேட்டில் ரகத்தின் பெயரைப் பார்த்துவிடுவது நல்லது. கையேடு தொலைந்திருந்தால், குச்சியின் பிடியிலேயே அதைப் பொறித்திருக்கும் வண்டிகளும் உண்டு.