கிரைண்டர் சத்தமும் வெள்ளைத் தூசியும்

ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு காற்று. மேற்கே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையேறி இறங்கி, ஜூலை முதல் செப்டெம்பர் வரை வெறுங்கையோடு இந்தப் பக்கம் வரும் வறண்ட காற்று. கொழுந்தில் மணம் ஏறுவது அதனால்தான். லயத்துக் கூரையில் ஆணி தளர்ந்த சீட்டுகள் பெயர்ந்து முற்றத்தில் விழுவதும் அதனால்தான். காற்று கொஞ்சம் ஓய்ந்ததும் வெலிமடையைச் சுற்றிய தோட்டங்களிலும் கிராமங்களிலும் கிரைண்டர் சத்தம் கேட்கத் தொடங்கும்.

கூரை வேலைக்கு வந்த பாஸ் குந்தியிருந்து அஸ்பெஸ்டஸ் சீட்டை அளவுக்கு அறுப்பார். சுண்ணாம்பைத் தூவியதுபோல வெள்ளைத் தூசி எழும்பும். சீட்டின் மறுமுனையை வீட்டுக்காரரின் மகன் பிடித்திருப்பான். வேடிக்கை பார்க்க நாலு பிள்ளைகள். வேலை முடிந்ததும் வீட்டம்மா விளக்குமாறு எடுத்து முற்றத்தைக் கூட்டுவார்.

"மூக்கக் கட்டிக்கிட்டு அறுக்கக் கூடாதா பாஸ்?" என்று கேட்டால், "இருவது வருஷமா இதே வேலதாங்க. எனக்கு ஒன்னும் ஆகலையே" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் இந்தத் தூசியின் கணக்கில் இருபது வருடம் என்பது ஆரம்பம்.

தகரம் போய் சீட் வந்த கதை

அஸ்பெஸ்டஸை மக்கள் ஏன் விரும்பினார்கள் என்பதைச் சொல்லாமல் அதைத் திட்டுவது நியாயமில்லை. வெள்ளைக்காரன் காலத்து லயங்களுக்குத் தகரம்தான் கூரை. மழை பெய்தால் காம்பராவுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. பனிக்காலத்தில் அடுப்பு ஆவி தகரத்தில் படிந்து, விடியும் நேரத்தில் போர்வையில் சொட்டும். பத்துப் பதினைந்து வருடத்தில் துரு தின்று ஓட்டையாகும். ஓடு போடலாமென்றால் விலை அதிகம். அந்தப் பாரத்தைத் தாங்க வலுவான மரமும் வேண்டும். இந்த இடைவெளியில்தான் அஸ்பெஸ்டஸ் சீட் புகுந்தது. துருப்பிடிக்காது, மழைச் சத்தம் குறைவு, கையிருப்புக்குள் அடங்கும் விலை. தகரத்தின் கீழ் படுத்துப் பழகியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கல்லுக்குள் நார்

தமிழில் இதற்குக் கல்நார் என்று பேர். கச்சிதமான பேர். நிலத்திலிருந்து வெட்டி எடுக்கும் கல்தான். பஞ்சைப் பிரிப்பதுபோல் பிரித்தால் நார் நாராக வரும், தீயில் எரியாது. சீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த நார், மிச்சமெல்லாம் சீமெந்து. சீட் முழுதாக இருக்கும்வரை சீமெந்து நாரை இறுக்கிப் பிடித்திருக்கும். அறுக்கும்போது அந்தப் பிடி விடுகிறது.

வெளியே வரும் நார் ஒரு தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. நாம் பார்க்கும் வெள்ளைத் தூசி விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நார்தான் காற்றில் மணிக்கணக்கில் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் கடைசி அறை வரை போகும். உடம்பு அதைக் கரைக்கப் பார்க்கும், முடியாது. அந்த இடம் அழன்று, ஆறி, தழும்பாகும். வருடக்கணக்கில் தழும்பு பெருகி நுரையீரல் விறைத்துப்போவது அஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. நுரையீரலைச் சுற்றிய மெல்லிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் மூன்றாவது. அது வந்த ஒருவரைக் கண்டால் வைத்தியர் முதலில் கேட்பதே அஸ்பெஸ்டஸைப் பற்றித்தான். குரல்வளை, சூலகப் புற்றுநோய்களுக்கும் இதில் பங்குண்டு. தூசியைச் சுவாசித்த நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் 20 முதல் 40 வருடம் ஓடிவிடும். இருபது வயதில் சீட் பிடித்துக் கொடுத்த பையனுக்கு ஐம்பதில் இருமல் வந்தால், அந்தக் கூரை வேலை யார் நினைவில் இருக்கும்?

உலகத்துக்கு இது புதுச் செய்தியில்லை. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் கல்நார் நூற்கும் ஆலையில் சிறுமியாகச் சேர்ந்த நெல்லி கேர்ஷா 1924 இல் 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலில் கல்நார்த் துணுக்குகளைக் கண்ட வைத்தியர் குக் அதை மருத்துவ இதழில் எழுதினார். நூறு வருடம் தாண்டிவிட்டது.

"அது நீல அஸ்பெஸ்டஸ், நம்ம ஊர் சீட்டில் இருப்பது வெள்ளை, அது ஒன்றும் செய்யாது" என்று ஒரு வாதம் உண்டு. நீலம் கூடுதல் கொடியது என்பது உண்மைதான். இலங்கையில் அதற்கு ஏற்கெனவே தடை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெள்ளையையும் சேர்த்து எல்லா வகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. வேலைத்தலத்தில் அஸ்பெஸ்டஸைச் சுவாசித்ததால் வருடத்துக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக அந்த நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது.

பீடி குடிப்பவர்கள் இதையும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் கல்நார் உறை போடும் தொழிலாளரை நீண்டகாலம் பின்தொடர்ந்து 1979 இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். புகையும் தூசியும் இல்லாத ஒருவர் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 1 என்றால், தூசி மட்டும் பட்டவருக்கு 5, புகை மட்டும் பிடித்தவருக்கு 11, இரண்டும் சேர்ந்தவருக்கு 50 க்கு மேல். அவர்கள் நாள் முழுக்கத் தூசியில் நின்றவர்கள். நம் பாஸ்மாரின் அளவு வேறாக இருக்கலாம். ஆனாலும் இரண்டும் சேர்ந்தால் கூட்டல் பெருக்கலாகிவிடுகிறது.

எதற்குப் பயப்படுவது

தலைக்கு மேல் அஸ்பெஸ்டஸ் கூரை இருக்கிறது என்பதற்காக இன்றிரவு தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். உடையாத, அசையாத சீட்டிலிருந்து உதிரும் நார் மிகக் குறைவு. பதறிப்போய்க் கூரையைப் பிய்த்து எறிவதுதான் அதிக ஆபத்து. கூரையில் விழும் மழைநீரைக் குடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். விழுங்கிய நார் நோய் தருகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வேறு வழியிருந்தால் பீலித் தண்ணீரே நல்லது.

பயப்பட வேண்டியவை வேறு. நம் குளிருக்கும் ஈரத்துக்கும் கூரையில் பாசி பிடிக்கும். தீபாவளிக்கு முன் கம்பித் தூரிகையால் அதைச் சுரண்டிக் கழுவி, பெயின்ட் அடிப்பார்கள். சுரண்டும்போது பாசியோடு சீட்டின் மேல்தோலும் நாரும் வருகின்றன. கழற்றிய பழைய சீட்டை வீசவும் மனம் வராது. கோழிக்கூட்டுக்கு மறைப்பாகும், மரக்கறிப் பாத்திக்கு வரம்பாகும், துண்டாக்கினால் சேறான பாதைக்கு நிரவலாகும். அந்தப் பாதையில் தினமும் ஏறி இறங்கும் செருப்பும் டயரும் அதை அரைத்துப் பொடியாக்கும். தீயில் போட்டால் படார் படாரென்று வெடிக்கும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை.

அடுத்தது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பதுளை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடும் மலை சரிந்தது. உயிரைத் தேடும்போது யாரும் மாஸ்க்கைத் தேடமாட்டார்கள், தேடவும் வேண்டாம். ஆனால் வாரங்கள் கழித்து இடிபாட்டை அள்ளும்போது நேரம் இருக்கிறது. நொறுங்கிய சீட் தெரிந்தால் முதலில் தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளலாம்.

தேயிலை ஒரு பக்கம், கூரை மறுபக்கம்

2015 இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தார். 2018 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு, 2024 இல் முழுத்தடை என்பது திட்டம். 2017 டிசெம்பரில், இலங்கைத் தேயிலையின் 150 ஆவது வருடத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலைக்கு டிசெம்பர் 18 முதல் தடை போட்டது. ரஷ்யா நம் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்று. உலகில் ஆகக் கூடுதலாக அஸ்பெஸ்டஸ் வெட்டியெடுக்கும் நாடும் அதுவே. இலங்கை அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் வண்டுப் பிரச்சினையும் தீர்ந்தது. இரண்டுக்கும் முடிச்சில்லை என்று யாராவது சொன்னால், நாட்காட்டியை நீட்டுவதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை. கொழுந்து பறித்தவர்களின் கூரைக்கே அந்தப் பேரத்தின் விலை வந்து சேர்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அஸ்பெஸ்டஸைத் தடைசெய்துவிட்டன. நம் ஹார்ட்வெயார் கடைகளில் அது இன்னமும் அடுக்கியிருக்கிறது.

கூரையில் கை வைக்கும் முன்

புதிதாகப் போடுபவர்கள் அஸ்பெஸ்டஸ் சேராத சீட்டா என்று கேட்டு வாங்குங்கள். ஓடும், துருப்பிடிக்காத பூச்சுள்ள உலோகத் தகடும் இருக்கின்றன. தகட்டின் மழைச் சத்தத்தை உள்கூரை குறைக்கும்.

பழைய சீட்டைக் கழற்றத்தான் வேண்டுமென்றால் காற்றில்லாத நாளாகப் பாருங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் தூரமாக அனுப்பிவிட்டு, சீட்டை நன்றாக நனையுங்கள். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டால் நன்றாக ஊறும். சுத்தியலால் உடைக்காமல் ஆணியைக் கழற்றி முழுச் சீட்டாக இறக்குங்கள். பழைய சீட்டின்மேல் ஏறி நிற்கவே கூடாது. நுரையீரல் கெட இருபது வருடம் வேண்டும், சீட் உடைந்து விழுந்து முதுகெலும்பு முறிய ஒரு விநாடி போதும். அறுத்தே ஆக வேண்டுமென்றால் நனைத்து, கைவாளால், வெளியில். கிரைண்டர் வேண்டவே வேண்டாம்.

லேஞ்சியும் கொரோனாக் கால நீல மாஸ்க்கும் இந்த நாரைத் தடுக்காது. முகத்தில் இறுகப் பொருந்தும் எஃப்எஃப்பி-3 ரக மாஸ்க்தான் உதவும். தாடி இருந்தால் அதுவும் பொருந்தாது. தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை உடுப்பை உதறாமல், தனியாக நனைத்துத் துவையுங்கள். கணவன்மாரின் உடுப்பைத் துவைத்ததால் மட்டும் மீசோதீலியோமா வந்த மனைவிமாரை 1965 இலேயே லண்டனில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உடைந்த துண்டுகளை உரப்பையில் கட்டாதீர்கள், கிழிந்துவிடும். தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, எங்கே புதைப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ பிரதேச சபையிடமோ கேளுங்கள். லயத்துக் கூரை தொழிலாளிக்குச் சொந்தமில்லை. ஆகவே இந்தச் செலவும் அவர் தலையில் விழக்கூடாது. சந்தாப் பணம் வாங்கும் சங்கங்கள் தோட்ட நிர்வாகத்திடம் பேச வேண்டிய விஷயம் இது.

மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால்

வழக்கமாக ஏறும் மேட்டில் நடுவழியில் நிற்க வேண்டி வருவது, மாதக்கணக்கில் விடாத வறட்டு இருமல், நெஞ்சில் வலி, காரணமில்லாத மெலிவு. விறகு அடுப்புப் புகைக்கும் பீடிக்கும் காசநோய்க்கும் இதே குறிகள்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் தரும் பாணியோடு நிறுத்திவிடாமல் வெலிமடை ஆதார வைத்தியசாலைக்கோ பதுளைக்கோ போங்கள். எக்ஸ்ரே, மூச்சு அளவிடும் சோதனை, தேவைப்பட்டால் சீடி ஸ்கேன் செய்வார்கள். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. புகைப்பதை விடுவதும் தூசியிலிருந்து விலகுவதும் மிச்சமுள்ள மூச்சைக் காப்பாற்றும். புற்றுநோய் என்றால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை வரை அனுப்புவார்கள்.

வைத்தியர் "என்ன வேலை?" என்று கேட்டால் பலர் "தோட்ட வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1995 இலிருந்து மூன்று வருடம் பாஸோடு கூரை வேலைக்குப் போனது அந்தப் பதிலில் இராது. வீட்டுக்கு வந்து யோசித்து, எந்த வருடம், எத்தனை மாதம், அறுத்தீர்களா, பிடித்துக் கொடுத்தீர்களா, உடுப்பு மட்டும் துவைத்தீர்களா என்பதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை எழுதும்.